ஏர்பேக் விளக்கும் அணையவில்லை, ஹாரனும் அடிக்கவில்லை: வண்டி கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்களைப் பிரித்தால் ஏர்பேக், ஏர்பேக் என்று அதுவாகவே இருக்கிறது. காரணம் இல்லாமல் இல்லை. புதுக் கார்களில் டிரைவருக்கு ஏர்பேக் கட்டாயம் என்று 2019 ஜூலையில் வந்தது, பக்கத்து சீட்டுக்கும் வேண்டும் என்பது 2021-இல் படிப்படியாக வந்தது. அந்த வண்டிகளெல்லாம் இப்போது வாரண்டி முடிந்து நம் ஊர்ப் பட்டறைகளுக்கு வரத் தொடங்கிவிட்டன. அதனால் வேறு கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு இதையே பார்த்துவிடுவோம்.

அண்ணாச்சி, என் கார் 2019 மாடல். ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிகிறது. அதே வாரத்தில் ஹாரனும் நின்றுபோனது. எலக்ட்ரீஷியன் டேஷ்போர்டில் தனியாக ஒரு சுவிட்ச் வைத்து ஹாரனைச் சரி செய்துவிட்டார். விளக்குக்கு ஏர்பேக்கையே மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

மாற்ற வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். ஹாரனும் ஏர்பேக்கும் ஒரே வாரத்தில் போனது தற்செயல் இல்லை, உங்கள் எலக்ட்ரீஷியனுக்குக் கோளாறு கையில் துப்பைக் கொடுத்தது, அவர் அதற்குத் தனி சுவிட்ச் வைத்து மறைத்துவிட்டார்.

ஸ்டீயரிங் சுற்றுகிறது, அதன் நடுவில் இருக்கும் ஏர்பேக்குக்கும் ஹாரன் பட்டனுக்கும் கரண்ட் போக வேண்டும், வயர் முறுக்கிக்கொள்ளவும் கூடாது. இதற்காக ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒரு வட்டமான பிளாஸ்டிக் டப்பா இருக்கும், பட்டறையில் கிளாக் ஸ்பிரிங் என்போம். உள்ளே தட்டையான ரிப்பன் வயர், பத்தமடைப் பாயைச் சுருட்டி வைத்த மாதிரி சுருண்டு இருக்கும். நீங்கள் ஸ்டீயரிங்கை ஒடிக்க ஒடிக்க அது சுருங்கி விரியும். பாபநாசம், மணிமுத்தாறு என்று மலைப்பாதையில் வருஷக்கணக்கில் ஏறி இறங்கினால் ஒருநாள் மடிப்பில் அறுந்துவிடும். ஸ்டீயரிங்கில் பாட்டுக்கு பட்டன் இருந்தால் அதுவும் கூடவே போகும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம், எதையும் கழற்ற வேண்டாம். தனி சுவிட்சை மறந்துவிட்டு, ஸ்டீயரிங் ஹாரனை அமுக்கிப் பிடித்தபடி ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பையச் சுற்றுங்கள். ஏதாவது ஒரு இடத்தில் மட்டும் ஹாரன் விட்டு விட்டு அடித்தால் ரிப்பன் அந்த இடத்தில் அறுபடும் நிலையில் இருக்கிறது. எங்கேயுமே அடிக்கவில்லை என்றால் முழுதாகவே போயிருக்கலாம். விளக்கைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முயலாதீர்கள், அது ஒருமுறை எரிந்தால் சாவியை அணைத்துப் போடும்வரை பெரும்பாலும் எரிந்துகொண்டேதான் இருக்கும்.

அடுத்தது ஸ்கேனர், வண்டியில் பதிவான கோளாறை வாசித்துச் சொல்லும் கருவி. 'டிரைவர் ஏர்பேக் சர்க்யூட்டில் ரெசிஸ்டன்ஸ் அதிகம்' அல்லது 'சர்க்யூட் திறந்திருக்கிறது' என்று வரும். ஏர்பேக்கைப் பற்றவைக்கும் சின்னத் திரிக்கு ரெசிஸ்டன்ஸ் ஏறக்குறைய 2 ஓம்தான், கண்ட்ரோல் பெட்டி அதனுள் மிகச் சிறிய கரண்டை அனுப்பி அந்த 2 ஓம் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வழியில் அறுந்தாலோ துரு ஏறினாலோ கணக்கு இடிக்கும், விளக்கு எரியும். ஆகவே கோளாறு பையில் இருக்கிறதா வழியில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. விவரம் தெரிந்த மெக்கானிக் ஏர்பேக்கைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் சோதனைக்கென்றே வரும் 2 ஓம் டம்மி லோடை மாட்டி மறுபடி ஸ்கேன் செய்வார். கோளாறு போய்விட்டால் ஏர்பேக் கெட்டிருக்கிறது, போகாவிட்டால் ஏர்பேக் நல்லது, வழியில் தேட வேண்டும். ஏர்பேக்கின் விலையைக் கேட்டால் இந்தக் கால் மணி நேர வேலையின் அருமை தெரியும்.

இப்போது முக்கியமான விஷயம். ஏர்பேக் வயரில் டெஸ்ட் லேம்ப் வைக்கவே கூடாது, மல்டிமீட்டரில் ஓம் பார்க்கவும் கூடாது. திரி பற்றிக்கொள்ள ஒன்றேகால் ஆம்பியர் மாதிரி ஒரு கரண்ட், அதுவும் ஆயிரத்தில் இரண்டு பங்கு வினாடி போனால் போதும். நம்மவர்கள் டெஸ்ட் லேம்ப் என்று இண்டிகேட்டர் பல்பை வயரில் கட்டி வைத்திருப்பார்களே, அது 21 வாட் பல்பு, 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் இழுக்கும். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். மல்டிமீட்டர் விடும் கரண்ட் குறைவுதான், ஆனால் எந்த மீட்டர், பழுதில்லாததா, யார் பிடித்திருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்? முகத்துக்கு நேராக இருக்கும் வெடிமருந்தில் பரீட்சை செய்வது கோட்டித்தனம்.

கழற்றும் முன் சக்கரத்தை நேராக வைத்து, சாவியை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மோதலில் பேட்டரி நொறுங்கினாலும் ஏர்பேக் விரியட்டும் என்று கண்ட்ரோல் பெட்டிக்குள் கெப்பாசிட்டரில் சார்ஜ் சேர்த்து வைத்திருப்பார்கள். அது இறங்க ஒரு கம்பெனி ஒரு நிமிஷம் சொல்லும், இன்னொன்று பத்து நிமிஷம் சொல்லும். நான் கழற்றி வைத்துவிட்டு டீக்கடைக்குப் போய் வருவேன். கழற்றிய ஏர்பேக்கை மேஜையில் மூடிப் பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள், கவிழ்த்து வைத்தால் வெடிக்கும்போது அது ராக்கெட் மாதிரி கிளம்பும்.

புது கிளாக் ஸ்பிரிங் நடு நிலையில் பூட்டு போட்டு வரும். மாட்டுமுன் விளையாட்டாகச் சுற்றிப் பார்த்தீர்களானால் முதல் முழு ஒடிப்பிலேயே அறுந்துவிடும். ஸ்டீயரிங் ராக், அதாவது சக்கரத்தைத் திருப்பும் பாகம், அதன் வேலைக்கு விட்ட வண்டி ஏர்பேக் விளக்கோடு திரும்பி வந்தாலும் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் கார் சீட் உயரத்துக்குத் தண்ணீரில் நின்றது. எஞ்சின் வேலை பார்த்து ஓட்டுகிறோம். ஆனால் ஏர்பேக் விளக்கு சில நாள் எரிகிறது, சில நாள் இல்லை. மழைக்காலத்தில் அதிகம். என்ன செய்யலாம்?
– வாசகி, சிந்துபூந்துறை

அந்த 17, 18 தேதிகளை நம் ஊரில் யார் மறப்பார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, இங்கே திருநெல்வேலியில் தாமிரபரணி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள்ளேயே வந்து நின்றது. அதில் முங்கின வண்டிகள் இன்னும் என்னிடம் வந்துகொண்டிருக்கின்றன, எஞ்சின் கோளாறோடு அல்ல, இப்படி விட்டு விட்டு வரும் கோளாறோடு.

ஏர்பேக் கண்ட்ரோல் பெட்டி பல கார்களில் இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில், கியருக்கும் ஹேண்ட்பிரேக்குக்கும் அடியில், தரையோடு தரையாகப் பூட்டியிருக்கும். வண்டியின் நடு எலும்பு அதுதான், மோதலை அங்கேதான் சரியாக உணர முடியும். ஆனால் வெள்ளம் முதலில் வருவதும் அங்கேதான். சீட்டுக்கு அடியில் ஏர்பேக் வயர்களை இணைக்கும் மஞ்சள் கப்ளர்களும் அதே தண்ணீரில்தான் கிடந்திருக்கும். மேலே கார்பெட் காய்ந்து மொறுமொறுவென்று இருக்கும், அடியில் உள்ள பஞ்சு மாதக்கணக்கில் ஈரம் வைத்திருக்கும், வண்டல் வேறு. பித்தளைப் பின்னில் பச்சை ஏறி, காய்ந்த நாளில் காண்டாக்ட் கிடைக்கும், ஈர நாளில் 2 ஓம் மூன்றாகும் நாலாகும். உங்கள் விளக்கு மழைக்கு எரிவது அதனால்தான்.

ஸ்கேனரில் 'இப்போது இருக்கும் கோளாறு', 'முன்பு வந்து போன கோளாறு' என்று இரண்டு வகை வரும். விளக்கு அணைந்திருக்கும் நாளில் போனாலும் இரண்டாவது வகை பதிவாகி இருக்கும், ஆகவே எரியும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். அழிக்குமுன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், சிலர் முதல் வேலையாக அழித்துவிட்டு "சரியாப் போச்சுக்கா" என்பார்கள்.

கப்ளர் பச்சை பிடித்திருந்தால் அந்த வயரிங் துண்டை மாற்றுவதுதான் வழி. ஒட்டுப் போட்டு டேப் சுற்றும் நம் வழக்கத்தை இந்த மஞ்சள் வயரில் காட்டக் கூடாது. கண்ட்ரோல் பெட்டி தண்ணீரில் முங்கியது உறுதி என்றால் அதையும் மாற்றுங்கள், வெயிலில் காயவைத்தும் ஹேர் டிரையர் அடித்தும் பயன் இல்லை. செலவுதான், தெரியும். ஆனால் உள்ளே துருப்பிடித்த போர்டு தேவைப்படும் நேரத்தில் சும்மா இருந்துவிட்டால் அப்புறம் என்ன கணக்குப் பார்ப்பது.

சீட் கவர் போட்ட மறுநாளே விளக்கு எரிகிறது. கடைக்காரர் தனக்குச் சம்பந்தம் இல்லை என்கிறார்.
– வாசகர், பாளையங்கோட்டை

சம்பந்தம் இருக்கிறது. சீட்டைக் கழற்றியிருப்பார், அடியில் உள்ள கப்ளர் 'டக்' என்று பூட்டாமல் பாதியில் நிற்கும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, காத்திருந்து, அழுத்திப் பூட்டுங்கள். சில வண்டிகளில் அதன் பிறகும் ஸ்கேனரில் கோளாறை அழித்தால்தான் விளக்கு போகும். அதோடு, சீட்டின் ஓரத்தில் ஏர்பேக் என்று சின்ன லேபிள் தைத்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கத்தை முழுக்க மூடித் தைத்த கவர் அதற்குச் சாக்குப்பை மாதிரி, பக்கவாட்டு ஏர்பேக் விரிய வழி இருக்காது.

போனில் இணைக்கும் சின்ன ஸ்கேனர் வாங்கினேன். விளக்கு எரிகிறது, ஸ்கேனரோ கோளாறு எதுவும் இல்லை என்கிறது.
– வாசகர், சங்கரன்கோவில்

அது எஞ்சினிடம் மட்டும் பேசும் ஸ்கேனர். அவற்றில் பெரும்பாலானவை 'P0' என்று தொடங்கும் எஞ்சின் கோளாறுக் குறியீடுகளைத்தான் வாசிக்கும். ஏர்பேக்குக்குத் தனிப் பெட்டி, தனிக் குறியீடு, அதை வாசிக்கும் வசதி உள்ள ஸ்கேனர் வேண்டும். பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டு உங்கள் வீட்டில் யாருமே இல்லை என்று சொல்கிற கதை இது.

பழைய கார் ஒன்று விலை பேசுகிறேன். புரோக்கர், "பாருங்க சார், ஒரு விளக்குகூட எரியல" என்கிறார். நம்பலாமா?
– வாசகர், வள்ளியூர்

ஒரு விளக்கும் எரியவில்லை என்பதுதான் பயம். சாவியைப் போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில வினாடி நின்று, தானாக அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள் அல்லது மேலே கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறார்கள். இன்னொரு கெட்டிக்காரத்தனம், அதன் வயரை ஆயில் விளக்கோடு சேர்த்துவிடுவது. சாவி போட்டால் எரியும், எஞ்சின் ஓடினால் அணையும், பார்க்க ஒழுங்காகத் தெரியும். அதனால் எஞ்சினைப் போடாமல் சாவியை மட்டும் திருப்பிப் பாருங்கள். ஏர்பேக் விளக்கு தனியாக முதலில் அணைய வேண்டும், ஆயில் விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டும்.

இதிலும் பிடிபடாத ஒன்று உண்டு. என் பட்டறைக்கு ஒருமுறை வந்த வண்டியில் விளக்கு அழகாக எரிந்து அழகாக அணைந்தது. ஹாரன் வேலைக்காக ஸ்டீயரிங் நடுமூடியைக் கழற்றினால் உள்ளே பையே இல்லை. கப்ளரில் 2 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, அவ்வளவுதான். மேலே நான் சோதனைக்குச் சொன்ன அதே வித்தையை எவரோ நிரந்தரமாகவே வைத்துவிட்டார்கள். வாங்கியவர் நாலு வருஷம் குடும்பத்தோடு ஓட்டியிருக்கிறார். அதனால் நடுமூடியும் டேஷ்போர்டும் நிறம், பொருத்தம் சரியா என்று தடவிப் பாருங்கள், சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், பெல்ட்டின் அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் வெள்ள வண்டி. பெல்ட் இழுக்கவே வராமல் இறுகி நின்றால் ஒரு மோதலில் பெல்ட்டை இறுக்குவதற்கென்று இருக்கும் திரியும் வெடித்திருக்கலாம்.

கடற்கரை ஊர். முன்பம்பரில் மயில் மோதியது, சின்ன நசுங்கல்தான், டிங்கர் நிமிர்த்திவிட்டார். அதிலிருந்து விளக்கு எரிகிறது. மறுபடி அடி படாமல் இருக்கக் கம்பி கார்டு போடலாமா?
– வாசகர், உவரி

பம்பருக்குப் பின்னால், ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்தில், பல கார்களில் ஒரு சென்சார் இருக்கும். மயில் அதை உடைத்திருக்காது, ஆனால் கப்ளரை அசைத்திருக்கும். உங்கள் ஊர் உப்புக்காற்றில் ஏற்கெனவே அரித்திருந்த பின்னுக்கு அந்த ஒரு அசைவு போதும். சென்சார் பூட்டிய பிராக்கெட் வளைந்திருந்தால் சுத்தியலால் நிமிர்த்தி விடாதீர்கள், அது எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்பதும் கணக்கில் சேரும். டிங்கர் பேட்டரியைக் கழற்றாமல் வெல்டிங் வைத்தாரா என்றும் கேளுங்கள்.

கம்பி கார்டு வேண்டாம். மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே அதை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோதலின் அதிர்ச்சி போக வேண்டிய வழியை அது மாற்றிவிடும், சென்சார் குழம்பிப் போகும்.

விளக்கு எரிகிறது, பட்டறையில் அடுத்த வாரம்தான் நேரம் தந்திருக்கிறார்கள். அதற்குள் குடும்பத்தோடு திருச்செந்தூர் போய் வரலாமா அண்ணாச்சி?
– வாசகர், சேரன்மகாதேவி

வண்டி ஓடும். ஆனால் விளக்கு எரியும்போது ஏர்பேக் இல்லாத வண்டி என்று நினைத்துக்கொண்டு ஓட்டுங்கள். பெல்ட்டை எல்லோரும் போடுங்கள், பின்சீட்டிலும்தான். பீப் சத்தத்துக்குப் பயந்து பக்கிளில் சொருகும் டம்மி கிளிப் இருந்தால் எடுத்து எறியுங்கள். பிள்ளைகள் பின்னால் உட்காரட்டும். இது விளக்கு அணைந்த பிறகும் அப்படியே இருக்கட்டும், ஏர்பேக் விரியும் வேகம் சின்னப் பிள்ளைக்குத் தாங்காது.

அப்புறம் ஒன்று, நீங்கள் அனுப்பிய போட்டோவில் டேஷ்போர்டின் இடது பக்கம் முருகனை ஒட்டி வைத்திருக்கிறீர்கள், அதற்கு நேர் கீழேதான் பக்கத்து சீட் ஏர்பேக். அது விரிந்தால் சிலை உங்கள் வீட்டம்மா முகத்துக்குத்தான் வரும். நடுவில், ஏசி காற்று வரும் இடத்துக்கு மேலே நகர்த்தி வையுங்கள். வெயிலுக்கு அவருக்கும் கொஞ்சம் குளிர்ச்சி.