சின்ன விரல்கள் – கடிதம்

வணக்கம் ஐயா,

மேற்கு ஆப்பிரிக்காவில் கோகோ தோட்டங்களில் வேலை பார்க்கும் சிறுவர்களைப் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். அன்றிலிருந்து சாக்லேட்டை நிறுத்திவிட்டேன். நண்பர்கள் கேலி செய்கிறார்கள். ‘கம்பளம் நெய்யவும் மைக்கா பொறுக்கவும் சின்ன விரல்கள்தான் சரிப்படும், அது தொழிலின் இயல்பு’ என்கிறார்கள். அதில் கொஞ்சம் நியாயம் இருப்பதாகவே எனக்கும் படுகிறது. நான் நிறுத்தியது சரியா? வேலைக்குச் சரியான வயது 14-ஆ, 18-ஆ? சினிமாவில் நடிக்கும் குழந்தைகளையும் இதில் சேர்ப்பீர்களா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பார்த்துவிட்டுக் கடந்து போகாமல் பிடித்த ஒன்றை விட்டீர்களே, அந்த மனசு பெரிது. கேலி செய்பவர்கள் செய்துகொண்டு போகட்டும். ஆனால் ‘கொஞ்சம் நியாயம் இருப்பதாகப் படுகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கே எனக்குச் சுருக்கென்றது. கொஞ்ச நாளாக இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். என்ன நியாயத்தைக் கண்டீர்கள்?

சின்ன விரல் கதை முதலாளிகள் கட்டிவிட்டது. 1990களில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஆதரவில் இந்தியக் கம்பளத் தொழிலை ஆராய்ந்தவர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள். நெருக்கமான முடிச்சுப் போடுவதில் பெரியவர்களைவிடச் சிறுவர்கள் ஒன்றும் உசத்தி இல்லை என்று தெரிந்தது. சரி, உங்கள் கோகோவுக்கே வருவோம். அங்கே வெட்டுக்கத்தியால் காயை உடைக்கிறார்கள், மூட்டை சுமக்கிறார்கள். இதில் எதற்கு ஐயா மெல்லிய விரல்?

சிறுவர்களை வேலைக்கு எடுப்பது விரலைப் பார்த்தல்ல, வாயைப் பார்த்து. கூலியைக் குறைத்தால் கேட்கமாட்டார்கள். அடித்தால் வெளியே சொல்லமாட்டார்கள். சங்கம், கிங்கம் என்று யாரும் வந்து நிற்கப்போவதில்லை.

தெரிந்தவர் ஒருவர் வீட்டில் ஒரு சிறுமி வேலைக்கு இருந்தாள். அந்த வீட்டுப் பிள்ளைக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே உயரம். பிள்ளையின் புத்தகப் பையை இவள் வாசல்வரை தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். ‘உனக்கு என்ன வயசும்மா?’ என்று கேட்டேன். என்னைப் பார்க்காமல் வீட்டம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ‘பதினஞ்சு’ என்றார் அந்த அம்மா. அப்புறம்தான் இவளும் ‘பதினஞ்சு’ என்றாள். பார்த்தால் பத்துக்கு மேல் சொல்லமுடியாது.

1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கை இருக்கிறது. ஐ.நா. உறுப்பு நாடுகளில் அமெரிக்கா மட்டும்தான் அதை இன்னும் உறுதிசெய்யவில்லை. மேடையில் பேசுகிறவர்கள் அதன் 32-ஆம் பிரிவைச் சொல்வார்கள்: சுரண்டலிலிருந்து பாதுகாப்பு. நல்லது. 12-ஆம் பிரிவு என்று ஒன்றும் இருக்கிறதே! தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் குழந்தை தன் கருத்தைச் சொல்லலாம், அதைப் பெரியவர்கள் மதித்துக் கேட்கவேண்டும் என்கிறது அது. அதை மட்டும் ஏன் வசதியாகத் தாண்டிப் போகிறோம்?

கேட்காமல் செய்கிற நல்லது எங்கே போய் முடியும் என்பதற்கு வங்காளதேசமே சாட்சி. சிறுவர்களை வைத்துத் தயாரித்த பொருட்களின் இறக்குமதியைத் தடைசெய்ய 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு மசோதா வந்தது. அது சட்டமாகக்கூட ஆகவில்லை. அதற்குள் பயந்துபோன வங்காளதேச ஆடைத் தொழிற்சாலைகள் சிறுவர்களை வெளியே அனுப்பின. சுமார் 50,000 பேர் என்பது யூனிசெஃப் மதிப்பீடு. பள்ளிக்கூடத்துக்கா போனார்கள்? கல் உடைக்கப் போனார்கள், தெருவுக்குப் போனார்கள், சிலர் பாலியல் தொழிலில் தள்ளப்பட்டார்கள். பள்ளியில் இடம் ஏற்பாடு செய்யாமல் யாரையும் நீக்கக்கூடாது என்றும், உதவித்தொகை தரவேண்டும் என்றும் 1995-இல்தான் ஒப்பந்தம் போட்டார்கள். முதலிலேயே அந்தப் பிள்ளைகளில் நாலு பேரைக் கூப்பிட்டு, ‘இங்கிருந்து அனுப்பினால் நாளைக்கு எங்கே போவாய்?’ என்று கேட்டிருந்தால் இந்தப் புத்தி அன்றே வந்திருக்கும்.

யூனிசெஃபும் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட கணக்கின்படி 2024-இல் உலகில் உழைக்கும் சிறுவர்கள் 13.8 கோடி. பத்தில் ஆறு பேர் விவசாயத்தில், அதுவும் பெரும்பாலும் சொந்தக் குடும்பத்தோடு. அப்பாவிடம் கூலி கேட்கிற பிள்ளை எங்கே இருக்கிறது? கோகோவுக்கு என்ன விலை என்பதில் அந்த அப்பாவுக்கும் வாய் கிடையாது. கட்டுப்படியாகும் விலை கிடைத்தால் அவர் வேலைக்குப் பெரிய ஆளை வைத்துக்கொள்வார்.

ஆகவே சாக்லேட்டைச் சாப்பிடுங்கள், சாப்பிடாமல் இருங்கள், அது உங்கள் இஷ்டம். ஆனால் சும்மா நிறுத்தினால் கம்பெனிக்குக் காரணம் தெரியாது. விவசாயிக்கு என்ன விலை கொடுக்கிறீர்கள் என்று அவர்களுக்கு ஒரு கடிதம் போடுங்கள். எனக்கு எழுதியதைவிடக் காரமாக எழுதுங்கள்.

வயதைக் கேட்டீர்கள். பொதுவாக 15, வளரும் நாடுகளுக்கு விலக்காக 14, ஆபத்தான வேலை என்றால் 18. தொழிலாளர் அமைப்பின் 138, 182 எண் உடன்படிக்கைகளில் எல்லாம் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். சினிமாக் குழந்தைகளைப் பற்றித் தனியாக எழுதுங்கள். அதற்கென்று வேறு கோபம் வைத்திருக்கிறேன்.