இசை கேள்வி-பதில்: ஓர்கெஸ்ட்ராவுக்கு போனா கை கெடுமா?

கேள்வி: மகள் தரம் 9. சின்ன வயசுல இருந்து ஒரு மிஸ்ஸிட்ட கர்நாடக வயலின் பழகுறா, வட இலங்கை சங்கீத சபை சோதினையும் எடுத்துக்கொண்டு வாறா. இப்ப ஸ்கூல் வெஸ்டர்ன் ஓர்கெஸ்ட்ராவுக்கு வரச்சொல்லி கேக்கினம். மிஸ் சொல்லுறா, அங்க போனா கை கெட்டுப்போகும் எண்டு. விடலாமா?
- ஒரு அம்மா, வெள்ளவத்தை

பதில்: விடுங்கோ அம்மா, போகட்டும். ஆனா மிஸ் சும்மா பயப்பிடுறா எண்டு நினைக்காதேங்கோ, அவ சொல்லுறதுல விஷயம் இருக்கு. எங்கட முறையில நிலத்துல இருந்து வயலின்ட தலைய வலது கால்ல ஊண்டி வைக்கிறபடியா இடது கை தூக்கிப் பிடிக்கிற வேலை இல்லாம சும்மா வழுக்கிக்கொண்டு போகும், கமகம் (சுரத்த அசைச்சு, வழுக்கி வாசிக்கிறது) வாறதே அந்த சுதந்திரத்துலதான். அங்க கதிரையில இருந்து தாடைக்கும் தோளுக்கும் நடுவில பிடிக்கவேணும். தோளுக்கு ஷோல்டர் ரெஸ்ட் (வயலினுக்குக் கீழ பூட்டுற தாங்கி) இல்லாம விட்டா, வயலின் விழுந்திடும் எண்ட பயத்துல பிள்ளை பெருவிரலால வயலின்ட கழுத்த இறுக்கிப் பிடிப்பா, அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வரும். மிஸ் சொல்லுற கை கெடுறது இதுதான், ஒரு ஷோல்டர் ரெஸ்ட் வாங்கிக் குடுத்தா பாதி தீர்ந்தது.

மற்றது சுருதி. வெஸ்டர்ன்ல நாலு தந்தியும் ஜி, டி, ஏ, ஈ. நாங்க ச-ப-ச-ப சேர்க்கிறம், ஜி-ய ச எண்டு வச்சா ஜி, டி, ஜி, டி, அதாவது மேல் ரெண்டு தந்தியும் ஒவ்வொரு முழுச்சுரம் கீழ. ஒரே வயலின பின்னேரம் ஸ்கூலுக்கு ஏத்தி ராத்திரி கிளாசுக்கு இறக்கினா தந்தியும் போகும், பிரடையும் (தந்திய முறுக்கிற ஆணி) நிக்காது, பிள்ளைக்கும் வெறுத்துப்போகும். ஸ்கூல்ல இருக்கிற வயலின் ஒண்ட அங்க பாவிக்க கேளுங்கோ.

உண்மையான கஷ்டம் ரெண்டும் இல்ல, ஸ்டாஃப் நொட்டேஷன், அதாவது அஞ்சு கோட்டில எழுதிற வெஸ்டர்ன் இசைக்குறி. எங்கட பிள்ளையளுக்கு காது ஓடும், கண் நொண்டும். பக்கத்துல இருக்கிற பிள்ளை வாசிக்கிறத ஒருக்கா கேட்டா அப்பிடியே பிடிச்சிடுவா, தாளைப் பாக்கவே மாட்டா, பிறகு செகண்ட் வயலின்ல போட்டு மெட்டே இல்லாத பார்ட் ஒண்ட குடுத்தா முழிப்பா. முதல் டேர்ம் கொஞ்சம் அழுகை வரும், சமாளியுங்கோ. தியரியையும் இப்பவே தொடங்கலாம், ஏபிஆர்எஸ்எம் (பிரித்தானிய இசைச் சோதினை) பக்கம் போற எண்ணம் இருந்தா கிரேட் 6 ப்ராக்டிக்கலுக்கு முன்னால கிரேட் 5 தியரியோ அதுக்கு சமனான ஒண்டோ பாஸ் பண்ணவேணும், நிறைய பேர் அதுல வந்து மாட்டுறவை.

ஏன் போகச்சொல்லுறன் எண்டா, எங்கட பிள்ளையள் சேர்ந்து வாசிக்கிறதே இல்ல. கிளாசில தனிய, சோதினையில தனிய, அரங்கேற்றத்துல நடுவில தனிய. மண்டபம், சாறி, வீடியோ எண்டு லட்சக்கணக்கில செலவழிச்சு அரங்கேற்றம் முடிஞ்ச கையோட வயலின் அலுமாரிக்கு மேல ஏறின வீடுகள் வெள்ளவத்தையில எத்தனை எண்டு உங்களுக்கே தெரியும். பிறகு எங்க போய் ஆரோட வாசிக்கிறது? ஓர்கெஸ்ட்ராவில தன்ட சத்தம் தனியா கேக்காம, பதினாறு பார் (தாளக் கட்டம்) சும்மா இருந்து எண்ணி, சரியா உள்ள வரப் பழகுவா, அத தனி கிளாசில ஆரும் பழக்க ஏலாது. நல்லா வந்தா யூத் ஓர்கெஸ்ட்ரா இருக்கு, பெரியாக்களுக்கு 1958ல தொடங்கின இலங்கை சிம்பொனி ஓர்கெஸ்ட்ரா இருக்கு.

மிஸ்ஸோட மரியாதையா கதையுங்கோ. வயலினே முத்துசாமி தீட்சிதரின்ட தம்பி பாலுசாமி தீட்சிதர் (1786-1858) ஒரு வெள்ளைக்காரரிட்ட பழகி எங்கட பக்கம் கொண்டுவந்தது எண்டு அவவுக்கு நீங்க சொல்லத் தேவையில்ல, அவவுக்குத் தெரியும் 😊 மகள் கிளாச விடமாட்டா, பயிற்சிய குறைக்கமாட்டா எண்டு மட்டும் சொல்லுங்கோ, அவ அதுக்குத்தான் பயப்பிடுறா.

கேள்வி: மகன் தரம் 10, ஸ்கூல் பாண்டில ட்ரம்பெட். ஓஎல் சோதினை வருது, நிப்பாட்டவா?
- ஒரு அப்பா, கொட்டாஞ்சேனை

பதில்: பரேட், போட்டி எண்டு வெய்யிலுக்க நிக்கிறத குறைக்கச் சொல்லி சேரோட கதையுங்கோ, ட்ரம்பெட்ட விடவேணாம். ஊதுறது சொண்டுத் தசையால, மாசக்கணக்கா விட்டா அது இளகிப்போகும், திரும்ப கிட்டத்தட்ட முதல்ல இருந்துதான். ஒரு நாளைக்கு இருபது நிமிஷம் காணும். ஃபிளாட் எண்டா ப்ராக்டிஸ் மியூட் (சத்தத்த அடக்கிற அடைப்பான்) ஒண்டு வாங்குங்கோ, பக்கத்து வீட்டு ஓஎல் பிள்ளையும் பாவம்தானே.

கேள்வி: தமிழ் மன்ற விழாவுக்கு ஸ்கூல் பிள்ளையள் சேர்ந்து வாத்திய பிருந்தா செய்யுறம். வீணை, புல்லாங்குழல், கீபோட், மிருதங்கம், பாண்டில இருந்து கிளாரினெட்டும் அல்டோ சாக்ஸும். எல்லாரும் ச வாசிச்சா ஆளுக்கொரு சத்தம் வருது, ஏன்?
- தரம் 12 மாணவி, பம்பலப்பிட்டி

பதில்: தங்கச்சி, பிழை உங்கள்ல இல்ல. கிளாரினெட்காரன் தன்ட தாள்ல இருக்கிற சி-ய வாசிச்சா வெளியில கேக்கிறது பி ஃப்ளாட், அல்டோ சாக்ஸ்ல அதே சி-க்கு ஈ ஃப்ளாட் கேக்கும். அதால 2.5 கட்டைய, அதாவது ஈ ஃப்ளாட்ட, ச எண்டு வையுங்கோ. சாக்ஸ் சி ஸ்கேல்ல வாசிக்கட்டும், கிளாரினெட் எஃப் ஸ்கேல்ல, கீபோட் ஈ ஃப்ளாட்ல (தெரியாட்டி ட்ரான்ஸ்போஸ் பட்டன அமத்துங்கோ, ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்). வீணைக்கு அது சுகமான சுருதி, புல்லாங்குழல் மட்டும் 2.5 கட்டைக் குழலா இருக்கவேணும், மிருதங்கமும் தக்கு (குறைஞ்ச) சுருதியில எடுங்கோ. வாசிக்கேக்க கீபோட் சுருதி அசையாது, அதால மற்றவை எல்லாரும் கீபோட்டுக்குத்தான் சேர்க்கவேணும்.

தோடி ராகமெல்லாம் இப்ப வேணாம், ஆளுக்கொரு கமகம் போட்டு சண்டையாப் போயிடும். முத்துசாமி தீட்சிதரின்ட நோட்டுஸ்வரம் ஒண்ட எடுங்கோ, பாண்டுக்காரர் வாசிச்ச வெள்ளைக்கார மெட்டுகளுக்கு அவர் சாகித்தியம் போட்டது, சங்கராபரணம், கமகம் இல்ல, கிளாரினெட்காரனும் அப்பிடியே வாசிப்பான். பிறகு ஹம்சத்வனி, மோகனம். மைக் ஒண்டுதான் இருக்கு எண்டா அது வீணைக்கு. சாக்ஸ மெட்டு வாசிக்க விடாதேங்கோ, கீழ்ஸ்தாயி ச-வையும் ப-வையும் நீட்டி மெதுவா பிடிச்சா போதும், இல்லாட்டி சபைக்கு வேற ஒண்டுமே கேக்காது. சாக்ஸ்காரன் மூஞ்சிய நீட்டினா கத்ரி கோபால்நாத்த கேக்கச் சொல்லுங்கோ, மைசூர் அரண்மனை பாண்டில சாக்ஸ் கேட்டு ஆசைப்பட்டுத்தான் அவர் அதில கர்நாடக சங்கீதம் வாசிக்க வந்தவர், உங்கட ஆளும் பாண்டில இருந்துதானே வாறான், அடுத்த வருஷ விழாவில ஒரு தனி ஐட்டம் குடுக்கலாம்.

கேள்வி: பல்லுக்கு கிளிப் போட்டிருக்கு, பாண்டில எத எடுக்கலாம்?
- தரம் 8 மாணவன், தெஹிவளை

பதில்: ட்ரம்பெட்ல ஊதுற வாய்ப்பகுதி சொண்ட கிளிப்பில அமத்தும், நோகும். புல்லாங்குழலோ ட்ரம்ஸோ கேளுங்கோ தம்பி. ட்ரம்பெட்தான் வேணும் எண்டா பல் டொக்டரிட்ட கிளிப்புக்கு மேல வைக்கிற மெழுகு வாங்கி வச்சிட்டு ஊதிப் பாருங்கோ.