முன்பணம் வாங்கியதற்காகச் சூளையில் பிடித்து வைக்கலாமா?

கேள்வி: தம்பியும் அவன் மனைவியும் 60,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு வெளிமாவட்டச் செங்கல் சூளைக்குப் போனார்கள். வருடம் ஒன்றாகியும் கடன் குறையவில்லை என்கிறார் முதலாளி. ஒரு சாவுக்கு வரக் கேட்டபோது தம்பியை மட்டும் அனுப்பிவிட்டு மனைவியை நிறுத்திக்கொண்டார்கள். போலீஸில் ‘கொடுக்கல் வாங்கல் விவகாரம்’ என்கிறார்கள். பணத்தைப் புரட்டிக் கட்டி மீட்டுவிடவா?

பதில்: கட்டாதீர்கள். நீங்கள் சொல்வது அப்படியே கொத்தடிமை முறை. 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது, அதை இப்போது வசூலித்தால் முதலாளிக்கு மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. கட்டிப்போட்டு அடித்தால்தான் கொத்தடிமை என்று பலர் நினைக்கிறார்கள். முன்பணத்தைக் காட்டி வெளியே போகவோ வேறு வேலை பார்க்கவோ விடாமல் தடுத்தாலே போதும், ஒருவரை அனுப்ப இன்னொருவரைப் பிணையாக நிறுத்தியதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியவரும் முதலாளிதான், உங்கள் தம்பி அல்ல.

சூளை இருக்கும் மாவட்டத்தின் கலெக்டருக்கோ ஆர்.டி.ஓ.வுக்கோ (வருவாய்க் கோட்டாட்சியர்) மனு எழுதுங்கள். எவ்வளவு முன்பணம், எந்த மேஸ்திரி மூலம் போனார்கள், வாரத்துக்குக் கையில் என்ன தருகிறார்கள், சாவுக்கு விடாதது, எல்லாம் தேதியோடு இருக்கட்டும். கணக்கு நோட்டின் போட்டோ, மிரட்டிய வாட்ஸ்அப் ஆடியோ இருந்தால் இணையுங்கள். மேஸ்திரி காதுக்கு மட்டும் விஷயம் போகக் கூடாது, போனால் ராத்திரியோடு ராத்திரியாக வேறு சூளைக்கு மாற்றிவிடுவார்கள்.

அப்புறம் முக்கியமான ஒன்று. அதிகாரிகள் வந்து, இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி, ‘சரி, ஊருக்குப் போங்கள்’ என்று பஸ் ஏற்றிவிடுவதும் நடக்கிறது. அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்! கொத்தடிமையிலிருந்து விடுவித்ததாக அதிகாரிகள் தரும் விடுவிப்புச் சான்றிதழ் கையில் இல்லாவிட்டால் நாளைக்கே மேஸ்திரி வீட்டு வாசலில் வந்து நிற்பான், அரசு உதவியும் கிடைக்காது. சான்றிதழ் இருந்தால் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை தரலாம், வழக்கு முடியும்வரை அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. முழு மறுவாழ்வுத் தொகை ஆணுக்கு ஒரு லட்சம், பெண்ணுக்கு இரண்டு லட்சம், அது பெரும்பாலும் தண்டனை கிடைத்த பிறகுதான், ஆகவே அதை நம்பி எந்தக் கணக்கும் போட வேண்டாம்.

போலீஸிலும் எழுத்துப்பூர்வமாகக் கொடுங்கள். ஏமாற்றியோ ஆசைகாட்டியோ ஆளைக் கொண்டுபோய் இப்படிச் சுரண்டினால் அது பாரதிய நியாய சன்ஹிதா (இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டம்) 143-ஆம் பிரிவில் ஆள் கடத்தலாகவும் வரும். வக்கீலுக்குச் செலவு செய்ய வேண்டாம், இவர்களுக்குச் சட்ட உதவி இலவசம், 15100-க்குப் போன் செய்யுங்கள்.