தம்பியின் நோயை அக்காவிடம் சொல்லலாமா?

கேள்வி: எங்கள் 6 வயது மகனுக்கு ரத்தப் புற்றுநோய். லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியா என்று சொல்லி, சென்னையில் கீமோதெரபி கொடுத்து வருகிறார்கள். நான் அவனோடு இங்கே தங்கியிருக்கிறேன். கணவர் ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் மேஸ்திரி. 11 வயது மகள் அவரோடும் என் மாமியாரோடும் வீட்டில் இருக்கிறாள். 'தம்பிக்குக் காய்ச்சல்' என்று மட்டுமே அவளிடம் சொல்லியிருக்கிறோம். இப்போதெல்லாம் போனில் என்னோடு பேச மறுக்கிறாள். பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிற்றுவலி என்கிறாள். உறவினர் ஒருவர், 'உன் எலும்பிலிருந்து எடுத்துத்தான் தம்பிக்கு வைக்கப் போகிறார்கள்' என்று அவளிடம் சொல்லிவிட்டாராம். உண்மையைச் சொன்னால் பிள்ளை பயந்துவிடுவாள் என்கிறார் மாமியார். சில மாதங்களில் மகனை வீட்டுக்கு அழைத்துச் செல்லலாம் என்று மருத்துவர் கூறியிருக்கிறார். நான் என்ன செய்வது?
– ஒரு தாய், ஏற்காடு

பதில்: அன்புச் சகோதரி, இந்த வாரமே சொல்லிவிடுங்கள், நோயின் பெயரோடு சொல்லுங்கள். உங்கள் மாமியார் பேத்தியின் மீதுள்ள பாசத்தால்தான் தடுக்கிறார். ஆனால் அவர் அஞ்சுகிற பயம் ஏற்கெனவே அந்தப் பிள்ளையிடம் குடியேறிவிட்டது. வெறும் காய்ச்சலுக்காகத் தாயும் தம்பியும் மாதக்கணக்கில் சென்னையில் இருக்க மாட்டார்கள் என்பது 11 வயதுப் பெண்ணுக்குத் தெரியாதா? அப்படியே நம்பியிருந்தாலும், நாளை அவளுக்கே உடம்பு சுட்டால் அவள் என்ன நினைப்பாள்?

நேரில் சொல்வதே நல்லது. முடியாவிட்டால், அப்பா அவளருகில் உட்கார்ந்திருக்கும்போது வீடியோ அழைப்பில் பேசுங்கள். எலும்புக்குள் ரத்த அணுக்கள் உருவாகும் இடத்தில் கெட்ட அணுக்கள் பெருகிவிட்டன, அவற்றை அழிக்கவே மருந்து ஏற்றுகிறார்கள், முடி கொட்டினாலும் மறுபடி வளர்ந்துவிடும் என்ற அளவு போதும். இரண்டு செய்திகளை அவள் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்ல வேண்டும்: அவள் தம்பியை அடித்ததாலோ திட்டியதாலோ இந்த நோய் வரவில்லை, தொட்டாலும் ஒரே தட்டில் சாப்பிட்டாலும் இது ஒட்டாது. வீட்டில் ஒரு குழந்தைக்குப் பெரிய நோய் வரும்போது, தன்னால்தான் வந்தது என்ற எண்ணத்தை யாரிடமும் சொல்லாமல் சுமக்கும் உடன்பிறப்புகள் பலர்.

உறவினர் சொன்னது எலும்பு மஜ்ஜையை, அதாவது எலும்புக்குள் ரத்த அணுக்கள் உருவாகும் அந்தப் பகுதியைப் பற்றித்தான்; அந்த அச்சத்தையும் நேரடியாகப் பேசுங்கள். இந்த வகை ரத்தப் புற்றுநோயில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு மஜ்ஜை மாற்று தேவைப்படுவதில்லை, மருந்துகளே சிகிச்சை; உங்கள் மகனின் நிலை என்ன என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு அதையே அவளிடம் சொல்லுங்கள். 'தம்பி செத்துப்போவானா?' என்று கேட்டால் பேச்சை மாற்றாதீர்கள், சத்தியமும் செய்யாதீர்கள். சிகிச்சையை முழுமையாக முடிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் குணமடைகிறார்கள், தம்பிக்கும் அதற்காகத்தான் எல்லோரும் பாடுபடுகிறோம் என்பது உண்மையான பதில்.

வீடு திரும்பிய பிறகும் சிகிச்சை தொடரும். மொத்தம் 2 முதல் 3 ஆண்டுகள் ஆகலாம். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் நாட்களில் அவன் ஓயாமல் சாப்பாடு கேட்பான், காரணமில்லாமல் கத்துவான், முகம் உப்பியிருக்கும். இதை முன்கூட்டியே அறியாத அக்காவுக்கு, தம்பிக்கு மட்டும் எல்லாம் நடக்கிறது என்றுதான் தோன்றும். மாத்திரை கொடுத்ததைக் காலண்டரில் குறிக்கும் வேலையை அவளிடம் கொடுக்கலாம். ஆனால் மாத்திரையை எடுத்துக் கொடுப்பது பெரியவர்களின் பொறுப்பாகவே இருக்கட்டும். சில மருந்துகள் தினமும், மெத்தோட்ரெக்சேட் போன்றவை வாரம் ஒருமுறை என்று வரும்போது, ஒரு சிறு குழப்பமும் ஆபத்தாகிவிடும்.

மலைமேல் இருக்கும் உங்கள் வீட்டுக்கு இன்னொன்று மிக முக்கியம். மகனுக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்துவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, பாராசிட்டமால் கொடுத்துப் பார்க்கவும் கூடாது. உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் தொற்று சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். பனி மூடிய இரவில் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறங்க வேண்டியிருப்பதால், எந்த நேரத்திலும் வரக்கூடிய வண்டி எது, சேலத்தில் முதலில் எந்த மருத்துவமனை என்பதைச் சென்னையிலிருந்து கிளம்பும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அம்மை பற்றியும் உங்கள் மாமியாரிடம் பொறுமையாகப் பேசுங்கள். நம் பக்கத்தில் அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகிவிட்டு மருத்துவரிடம் சொல்லாமல் இருப்பவர்கள் உண்டு. அந்த நம்பிக்கையை விடச் சொல்லவில்லை. மகளின் வகுப்பிலோ அக்கம்பக்கத்திலோ சின்னம்மை வந்து, அங்கே பழகியவர்கள் மகனின் அருகில் இருந்திருந்தால், அன்றே மருத்துவரிடம் தெரிவியுங்கள். மகனுக்கு அம்மை வராமல் தடுக்கும் மருந்தைக் கொடுக்கக் கிடைக்கும் காலம் மிகக் குறைவு. மகளின் வகுப்பாசிரியரிடமும் உங்கள் கணவர் நிலைமையைச் சொல்லிவிட்டால், வகுப்பில் யாருக்கேனும் அம்மை வந்தவுடன் அவர் தகவல் கொடுப்பார். காலையில் வரும் அந்த வயிற்றுவலிக்கான காரணமும் அவருக்குப் புரியும்.