படத்தை அச்சுக்கு வரையும் தொழில்: களுவாஞ்சிகுடித் தாய் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

உயர்தரத்தில் கலைப்பிரிவில் தோற்றிய உங்கள் மகன், கல்முனையிலுள்ள ஓர் அச்சகத்தில் பிறர் கொண்டுவரும் படங்களைக் கணினியில் திரும்ப வரைந்து கொடுக்கும் வேலையிலேயே நாளைக் கழிக்கிறார் என்றும், இது ஒரு தொழிலாகுமா, அல்லது நாளை கணினி தானாகவே செய்துவிடும் வேலைதானா என்றும் கேட்டிருந்தீர்கள். தொழிலாகும் என்பதே என் பதில். ஆயினும் அந்த வேலையில் எந்தப் பகுதி தொழிலாக நிலைக்கும் என்பதை நீங்களும் அறிந்திருந்தால்தான், எந்தப் பயிற்சிக்குப் பணம் கட்டுவது என்று முடிவெடுக்க முடியும்.

ஒரு விளையாட்டுக் கழகத்தினர் தங்கள் சின்னத்தை வட்ஸ்அப்பில் அனுப்பி, அதை மேற்சட்டையிலும் பத்தடிப் பதாகையிலும் அச்சிட்டுத் தரும்படி கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படம் 200 பிக்சல், அதாவது 200 நிறப் புள்ளிகள், அகலமே உடையதாக இருந்தால், நல்ல அச்சுக்கு வழக்கமாகக் கேட்கப்படும் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற அளவில் அது இரண்டு சென்ரிமீற்றர் அகலத்துக்குக்கூடப் போதாது. அதையே பத்தடிக்கு விரித்தால் ஒவ்வொரு பிக்சலும் ஒன்றரைச் சென்ரிமீற்றர்ச் சதுரமாகத் தெரியும். இப்படி நிறப் புள்ளிகளால் ஆன படத்தை ராஸ்டர் என்கிறார்கள். வெக்டர் கோப்பிலோ நிறப் புள்ளிகள் இல்லை; கோடுகளும் வளைவுகளும் கணித அளவுகளாகவே பதிவாகின்றன. ஆகவே பெயர் அட்டைக்கும் பதாகைக்கும் ஒரே கோப்புப் போதும். ஸ்டிக்கர் வெட்டும் பிளொட்டரும் அந்தக் கோட்டைப் பின்பற்றியே கத்தியை நகர்த்துவதால், அதற்கு வெக்டர் இன்றியமையாதது. ஒரு படத்தைப் பி.டி.எஃப். ஆகச் சேமித்துவிட்டால் அது வெக்டராகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு; பழைய புள்ளிப் படம் புதிய உறைக்குள் அப்படியே இருக்கிறது.

இலஸ்ட்ரேட்டர், கோரல்ட்ரோ, இங்க்ஸ்கேப் ஆகிய மூன்று வரைகலை மென்பொருள்களிலும் படத்தைத் தானாகவே வெக்டராக்கும் வசதி உண்டு. தெளிவான, இரண்டு மூன்று நிறங்களே கொண்ட பெரிய படமாயின் அது நன்றாகவே வேலைசெய்கிறது. அந்த எளிய வேலைகள் இயந்திரத்திடம் போய்ச் சேரும் என்பதையும் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ஆனால் மங்கிய படத்தைக் கொடுத்தால் அது மங்கலையும் ஒரு வடிவமாகக் கருதி, கோட்டின் வளைவைத் தீர்மானிக்கும் கணுக்கள் நூற்றுக்கணக்கில் தேவையின்றிச் சேர, கரடுமுரடான விளிம்புகளை உண்டாக்குகிறது. வட்டம் எங்கே உண்மையான வட்டமாக இருந்திருக்க வேண்டும் என்பதை அறிந்து, குறைந்த கணுக்களில் கையால் வரைந்தெடுப்பவரின் கோப்புத்தான் அச்சுக்கும் வெட்டுக்கும் சுத்தமாகப் போகிறது.

தமிழ் எழுத்து வரும் இடத்தில் இந்த வேறுபாடு இன்னும் துலங்கும். சிறிய படத்தில் மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ணகரத்தின் சுழி அடைபட்டு னகரம் போலாகிவிடும். கோயில் திருவிழா அழைப்பிதழில் சுவாமியின் பெயரே பிழையாக அச்சாவதைவிட வேதனையானது வேறில்லை. எழுத்தைப் படத்தின் மேலே ட்ரேஸ் செய்யாமல் (கோடிழுத்துப் படியெடுக்காமல்), எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்து மீண்டும் தட்டச்சிட்டு, பின்னர் வளைகோடாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக, மாற்றுவதே முறை. நம் பகுதி அச்சகங்களில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய பாமினி எழுத்துரு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். வளைகோடாக மாற்றிய பின் எழுத்தைத் திருத்த முடியாது. ஆதலால் திருத்தக்கூடிய மூலக்கோப்பைத் தனியே பேண வேண்டும். தமிழைப் பிழையறப் படிக்கும், எழுத்தின் வடிவத்தைக் கண்ணால் அளக்கும் கலைப்பிரிவு மாணவருக்கு இங்கே ஓர் உண்மையான அனுகூலம் இருப்பதாக நான் கருதுகிறேன்.

எல்லாவற்றையும் வெக்டராக்க வேண்டுமென்பதில்லை. முகப் புகைப்படம் ராஸ்டராகவே இருக்க வேண்டும். அதற்குத் தேவை போதிய பிக்சல் மட்டுமே. இதைப் பிரித்தறிவதோடு, திரையின் சிவப்பு-பச்சை-நீல நிறங்களை அச்சு மையின் நான்கு நிறங்களுக்கு மாற்றுவதும், சிற்றெழுத்தின் கறுப்பைக் கறுப்பு மை ஒன்றினாலேயே அமைப்பதும், வெட்டுக்கென விளிம்புக்கு வெளியே படத்தை வழக்கமான மூன்று மில்லிமீற்றர் நீட்டி விடுவதும் தம்பிக்குப் பழக்கமாக வேண்டும். இவை அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றே படியும். அதனால், அச்சகமே இல்லாத இடத்தில் மென்பொருள் பொத்தான்களை மட்டும் சொல்லித்தரும் குறுகிய வகுப்புக்குப் பெருந்தொகை கட்டுவதை நான் ஆதரிக்கவில்லை.

விலையுயர்ந்த கணினியும் இப்போது வேண்டாம். இங்க்ஸ்கேப் இலவசம், சாதாரணக் கணினியிலும் பழகலாம். பல்கலைக்கழக விண்ணப்பத்தைக் கைவிட வேண்டிய தேவையும் இல்லை. கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கட்புலக் கலைகளுக்கான பட்டப்படிப்பு இருக்கிறது. உயர்தரப் பெறுபேற்றின் இசற் புள்ளியோடு உளச்சார்புப் பரீட்சையும் உண்டு என்பதால், விண்ணப்ப அறிவித்தல் வந்தவுடன் திகதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு இடம் கிடைக்காவிட்டால் தேசிய தொழிற்றகைமை எனப்படும் என்.வி.கியூ. வழி இருக்கிறது. கணினி வரைகலை வடிவமைப்பில் நான்காம் மட்டச் சான்றிதழ் பெற்றவர் ஐந்தாம், ஆறாம் மட்ட டிப்ளோமாக்களை நோக்கி நகரலாம். அச்சகத்தில் வேலைசெய்து பெற்ற திறனை மதிப்பீடு செய்து, வகுப்புக்குப் போகாமலே சான்றிதழ் வழங்கும் முறையும் உண்டு. தொழிற்பயிற்சி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்திலும், நைட்டா எனப்படும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையிலும் இதைக் கேட்டறியலாம். அதற்கு அச்சக உரிமையாளரின் சேவைக் கடிதம் உதவும். அதைத் தம்பி இப்போதே எழுத்தில் பெற்று வைக்கட்டும்.

எந்த நிலையத்தில் சேர்ப்பதாயினும், கட்டணம் கட்டுமுன் தம்பியையும் அழைத்துச் சென்று மூன்று விடயங்களைக் கேளுங்கள்: சான்றிதழ் என்.வி.கியூ. கட்டமைப்புக்குள் வருகிறதா, பயிற்சிக் காலத்தில் உண்மையான அச்சகத்தில் வேலைப் பயிற்சி தரப்படுகிறதா, மாணவர் வரைந்த கோப்பு ஒன்றேனும் அச்சாகித் திருத்தப்படுகிறதா. மூன்றாவதற்கு இல்லை என்று பதில் வந்தால், அங்கே சேர்க்காமல் கல்முனை அச்சகத்திலேயே சில மாதங்கள் தொடரவிடுங்கள்.