பறவைகளைப் படமெடுக்க 100-400 லென்ஸ் வாங்குவதா, 600 மி.மீ. வரை செல்லும் ஜூம் வாங்குவதா?

படம் பதியும் சென்சார் சிறியதாக உள்ள கிராப் சென்சார் கேமராவில் 70-300 லென்ஸை மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் நீங்கள், பறவைகளுக்கு அது எட்டவில்லை என்பதால் 100-400 வாங்குவதா, 150-600 அல்லது 200-600 வாங்குவதா, 100-400 உடன் ஒரு டெலிகன்வெர்ட்டரை (லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையில் மாட்டி, எட்டும் தூரத்தைப் பெருக்கும் துணைக்கருவி) சேர்த்துச் சமாளிப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கிலோ லென்ஸைக் காலைப்பொழுது முழுவதும் சுமந்து நடக்க உங்களால் முடியுமானால் 600 வரை செல்லும் ஜூமை வாங்குங்கள்; முடியாது என்றால் 100-400 வாங்குங்கள்; டெலிகன்வெர்ட்டரை நம்பி எதையும் வாங்க வேண்டாம். இரண்டு வகை லென்ஸ்களையும் வெவ்வேறு காலங்களில் வைத்திருந்தவன், அதில் ஒருமுறை தவறாகவும் தேர்ந்தெடுத்தவன் என்ற முறையில் காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் எட்டும் தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம். பள்ளிக்கூட விகிதக் கணக்கே இதற்குப் போதும். பறவையின் உயரத்தை அது இருக்கும் தூரத்தால் வகுத்து, லென்ஸின் குவியத் தூரத்தால் (300, 400 என்று மி.மீ.-இல் சொல்லப்படும் எண்) பெருக்கினால், சென்சாரின் மேல் விழும் பிம்பத்தின் உயரம் கிடைக்கும். 20 செ.மீ. உயரமுள்ள ஒரு மீன்கொத்தி 20 மீட்டர் தள்ளி அமர்ந்திருந்தால், அதன் பிம்பம் 300-இல் 3 மி.மீ., 400-இல் 4 மி.மீ., 600-இல் 6 மி.மீ. இருக்கும். கிராப் சென்சாரின் உயரம் ஏறத்தாழ 15 மி.மீ. என்பதால், 300-இல் சட்டகத்தின் ஐந்தில் ஒரு பங்கு உயரமே வரும் பறவை 600-இல் ஐந்தில் இரண்டு பங்குக்கு வருகிறது. பரப்பளவில் பார்த்தால் 300-இலிருந்து 400-க்குப் போவதில் கிடைப்பது 1.8 மடங்குக்கும் சற்றுக் குறைவு. 600-க்குப் போனால் 4 மடங்கு. 70-300 வைத்திருந்தவர்கள் 100-400 வாங்கிய முதல் வாரத்திலேயே ‘இவ்வளவுதானா’ என்று சோர்ந்துபோவதற்கு இந்த எண்கள்தான் காரணம். அதே கணக்கின்படி, அந்த மீன்கொத்தியை 10 மீட்டர் வரை நெருங்க முடிந்தால் உங்களிடம் இப்போதுள்ள 300-இலேயே 6 மி.மீ. பிம்பம் கிடைத்துவிடும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிராப் சென்சார் லென்ஸின் நீளத்தை 1.5 மடங்காக்கிவிடுகிறது என்று பலரும் சொல்வார்கள். பிம்பத்தின் அளவு அப்படியேதான் இருக்கிறது, சட்டகம்தான் சிறிதாகிறது. பறவையின் மேல் எத்தனை பிக்சல்கள் விழுகின்றன என்பதே முக்கியம், அந்த வகையில் 24 மெகாபிக்சல் கிராப் சென்சார் ஏறத்தாழ 55 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் (பெரிய, முழு அளவு) சென்சாருக்கு ஈடாகும். எனவே தூரத்துக்காக மட்டும் கேமராவை மாற்ற வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை.

ஒளியைப் பொறுத்தவரை, லென்ஸின் மேல் எழுதியிருக்கும் இரண்டு அப்பர்ச்சர் (ஒளி நுழையும் திறப்பு) எண்களில் முதலாவதை மறந்துவிடுங்கள். பறவைப் படங்களில் பெரும்பாலானவற்றை ஜூமின் நீண்ட முனையில்தான் எடுக்கப்போகிறீர்கள். குவியத் தூரத்தை அந்த முனைக்குரிய எண்ணால் வகுத்தால் திறப்பின் விட்டம் கிடைக்கும்: 600-ஐ 6.3-ஆல் வகுத்தால் 95 வருகிறது. சிக்மா 150-600 கன்டெம்பரரி, டாம்ரான் 150-600 ஜி2, சோனி 200-600, நிக்கான் இசட் 180-600 ஆகிய நான்குக்கும் 95 மி.மீ. ஃபில்டர் தேவைப்படுவது இதனால்தான். அதே 600-இல் எஃப் 4 வேண்டுமென்றால் முன்கண்ணாடியின் விட்டம் 150 மி.மீ. ஆவது இருக்க வேண்டும். எடையும் விலையும் அதற்கேற்ப ஏறிவிடும். 400-இல் எஃப் 5.6-க்கு 71 மி.மீ. போதும், ஆகவே 100-400 லென்ஸ்கள் தோள்பைக்குள் அடங்குகின்றன. எஃப் 5.6-க்கும் 6.3-க்கும் உள்ள வேறுபாடு மூன்றில் ஒரு ஸ்டாப் மட்டுமே (ஒரு முழு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகிவிடும்). அதற்காகத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். ஆனால் கேனான் ஆர்எஃப் 200-800 அதன் நீண்ட முனையில் எஃப் 9-க்கு இறங்கிவிடுகிறது. அது 6.3-ஐ விட ஒரு முழு ஸ்டாப் குறைவு. விடியற்காலையில் மரநிழலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) 3200-இல் எடுத்திருக்கக்கூடிய படத்தை 6400-இல் எடுக்க நேரும்.

டெலிகன்வெர்ட்டரிலும் இதே இழப்புதான். 1.4 மடங்குக் கன்வெர்ட்டர் ஒரு ஸ்டாப்பையும், 2 மடங்குக் கன்வெர்ட்டர் இரண்டு ஸ்டாப்புகளையும் எடுத்துக்கொள்ளும். 400 எஃப் 5.6 என்பது 560 எஃப் 8 ஆகும்போது, பழைய டிஎஸ்எல்ஆர் (உள்ளே ஆடி உள்ள) கேமராக்களில் பல ஆட்டோஃபோகஸைக் கைவிட்டுவிடும். சிலவற்றில் நடு ஃபோகஸ் புள்ளி மட்டும் வேலை செய்யும். ஆடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் சமாளித்துவிடும் என்றாலும், லென்ஸில் இருக்கும் சிறு குறையும் 1.4 மடங்காகப் பெரிதாகித் தெரியும். கேனான் ஆர்எஃப் 100-500-இல் இன்னொரு சங்கடமும் உண்டு: கன்வெர்ட்டரை மாட்டியபின் லென்ஸை 300-க்குக் கீழே சுருக்க முடியாது.

எனக்குச் சொல்ல நிறைய இருப்பது எடையைப் பற்றித்தான். முக்காலி வளையம் இல்லாமல் கேனான் ஆர்எஃப் 100-500 எடை 1370 கிராம். டிஎஸ்எல்ஆருக்கான சிக்மா 150-600 கன்டெம்பரரி 1930 கிராம். அதே எண்களைத் தாங்கிய ஸ்போர்ட்ஸ் வடிவம் 2860 கிராம். சோனி 200-600 வளையத்தின் அடிப்பாதத்தைக் கழற்றிய நிலையில் 2115 கிராம். பட்டியலில் படிக்கும்போது இவை வெறும் எண்கள். நான் முதலில் வாங்கிய 600 மி.மீ. ஜூம், கேமராவோடு சேர்ந்து நான்கு கிலோவை நெருங்கியது. வாங்கும்போது ஒரு நிமிடம் தூக்கிப் பார்த்துவிட்டு, பழகிவிடும் என்று நினைத்தேன். முதல் மாதம் ஆர்வம் சுமந்தது; இரண்டாம் மாதம் முக்காலி சுமந்தது; அதன்பின் அலமாரிதான் சுமந்தது. தலைக்கு மேலே பருந்து கடக்கிறது என்று தெரிந்து லென்ஸைக் கண்ணருகே உயர்த்துவதற்குள் அது மரங்களுக்குப் பின்னால் போய்விடும். அமர்ந்திருக்கும் பறவைக்காகக் காத்திருந்தால், அது திரும்பிப் பார்க்கும் அந்த ஒரு நொடியில் கை சோர்ந்து லென்ஸ் இறங்கியிருக்கும். அந்த லென்ஸின் படத்தரத்தில் எந்தக் குறையும் இல்லை, நான் அதை வெளியே எடுத்துச் செல்லவில்லை என்பதே குறை. ஓராண்டுக்குப் பின் அதை விற்றுவிட்டு 100-400 வாங்கினேன். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அதைக் கொண்டு எடுத்த பறவைப் படங்கள் முந்தைய லென்ஸில் எடுத்தவற்றைவிடப் பல மடங்கு அதிகம். இப்போது கையில் இருப்பது இரண்டு கிலோவைச் சற்றே தாண்டும் ஒரு 600 ஜூம். ஒற்றைக்கால் தாங்கியோடு சேர்த்தால் அரைநாள் வரை தாங்குகிறேன்.

எடையோடு, அந்த எடை எங்கே இருக்கிறது என்பதும் கைக்குத் தெரியும். சிக்மா, டாம்ரான் 150-600 லென்ஸ்களில் ஜூம் செய்யும்போது குழல் முன்னால் நீள்கிறது; எடையின் நடுவம் நகர்வதால் இடக்கை ஒவ்வொரு முறையும் இடம் மாற வேண்டியிருக்கும். சோனி 200-600, நிக்கான் 180-600 ஆகியவற்றில் ஜூம் உள்ளுக்குள்ளேயே நடக்கிறது. ஜூம் வளையத்தையும் சிறிதளவு திருப்பினாலே போதும். பறக்கும் பறவையைத் தொடரும்போது இது பெரிய நிம்மதி. ஆனால் அந்த லென்ஸ்கள் எப்போதும் முழு நீளத்திலேயே இருக்கும்.

இனி, லென்ஸ் வாங்குபவர்களிடம் யாரும் முன்கூட்டியே சொல்லாத ஒன்று. வெயில் ஏறியபின் தரையிலிருந்து எழும் சூடான காற்றின் அலைவு, அதாவது கானல், 70-300-இல் அவ்வளவாகத் தெரியாது. 600-இல் அது படத்தையே தின்றுவிடும். என் லென்ஸில் குறை இருக்கிறது என்று உறுதியாக நம்பி, முற்பகலில் 80 மீட்டர் தூரத்திலிருந்த கொக்குகளின் மங்கலான படங்களோடு அதைப் பழுதுபார்க்கும் இடத்துக்கு அனுப்பினேன். ஒன்றும் குறையில்லை என்று திரும்பி வந்த லென்ஸை எடுத்துக்கொண்டு மறுநாள் விடியலில் அதே கரைக்குச் சென்று அதே தூரத்தில் எடுத்த படங்களில் இறகுகளை எண்ண முடிந்தது. கானலை எந்த லென்ஸும், எந்த அதிர்வுத் தடுப்பும் சரிசெய்யாது. நெருங்குவதும், சூரியன் ஏறுவதற்குமுன் எடுத்துவிடுவதும்தான் வழி. காருக்குள் இருந்து கண்ணாடியை இறக்கி எடுப்பவர்கள், உள்ளேயும் வெளியேயும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டால் சன்னலருகிலேயே இந்த அலைவு உண்டாவதைக் காணலாம். ஆகவே 600 கைக்கு வந்துவிட்டால் நூறு மீட்டர் தள்ளியிருக்கும் பறவையும் வசப்படும் என்ற எதிர்பார்ப்போடு வாங்காதீர்கள். 20 மீட்டரில் இருக்கும் சிறு பறவையைப் பெரிதாக்கவே அது நன்றாகப் பயன்படுகிறது.

அதிர்வுத் தடுப்பு இப்போது வரும் இவ்வகை ஜூம்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. அது உங்கள் கையின் நடுக்கத்தைத் தணிக்குமே தவிர, பறவையின் சிறகடிப்பை நிறுத்தாது. பறக்கும் பறவைக்கு 1/2000 நொடியோ அதற்கும் வேகமாகவோ வேண்டும். கூர்மையாக விழும் ஆழமும் மிகக் குறைவு: ஃபுல் ஃபிரேமில் 600 எஃப் 6.3-இல் 10 மீட்டர் தூரத்துக்கு ஏறத்தாழ 10 செ.மீ., கிராப் சென்சாரில் அதைவிடவும் குறைவு. கண்ணில் ஃபோகஸ் விழுந்தால் வால் மங்கும் என்பதை இயல்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கேமரா எந்த நிறுவனத்தினுடையது என்று நீங்கள் குறிப்பிடவில்லை. சோனி மிரர்லெஸ் என்றால், பிற நிறுவன லென்ஸ்களோடு நொடிக்கு 15 படங்களுக்கு மேல் எடுக்க முடியாது என்பதையும், அவற்றில் டெலிகன்வெர்ட்டர் மாட்ட முடியாது என்பதையும் அறிந்து வாங்குங்கள். டிஎஸ்எல்ஆர் லென்ஸை அடாப்டர் வழியாக மிரர்லெஸில் மாட்டுவதாக இருந்தால், அதன் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்குவதற்கு முன் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். ஆனால் அதற்கும் முன்னால், உங்களிடம் இருக்கும் படங்களில் கடைசி ஆயிரத்தின் விவரத் தகவலைத் திறந்து, 300-இல் எடுத்தவை எத்தனை, அவற்றில் சட்டகத்தின் பாதிக்கு மேல் வெட்டி நீக்கியவை எத்தனை என்று எண்ணுங்கள். பெரும்பாலானவற்றை அப்படி வெட்டியிருந்தால் 400 உங்களுக்குப் போதாது. கால்வாசிதான் என்றால் 100-400 எடுத்துக்கொண்டு இன்னும் சில மீட்டர் நெருங்கிச் செல்லலாம். வாடகை லென்ஸைக் கேமராவில் மாட்டிக் கண்ணருகே உயர்த்தி, கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிடம் அப்படியே நில்லுங்கள். பின்பு நீண்ட முனையில், அப்பர்ச்சரை முழுவதும் திறந்து, அதிகாலையில் எடுத்துப் பாருங்கள். நண்பகலில் எடுத்த படத்தை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். லென்ஸை வாங்கி வரப் போகும்போது உங்கள் கேமராப் பையையும் எடுத்துச் செல்லுங்கள். ஹூட் (லென்ஸின் முன் மாட்டும் ஒளிமறைப்பு) இல்லாமலேயே சோனி 200-600-இன் நீளம் 318 மி.மீ., கேமராவோடு மாட்டியபடி அது என் பழைய பையில் நுழையவில்லை.