கேன்சலில் வருகிறவர்களுக்கு: சில கேள்விகள், சில பதில்கள்

கேன்சலில், அதாவது விசாவை ரத்து செய்து வெளிநாட்டு வேலையை முடித்துக்கொண்டு வருபவர்கள் எனக்குக் கேள்வி அனுப்புவது பெரும்பாலும் விமானத்தை விட்டு இறங்கிய பிறகுதான். வர வேண்டிய பணமும் வாங்க வேண்டிய காகிதமும் கடலுக்கு அந்தப் பக்கம் கிடக்கும். அதனால் இன்னும் அங்கேயே இருக்கும் ஒருவரின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

சவுதியில் 8 வருடமாக ஒரே கம்பெனி. இப்போது ஆள் குறைக்கிறார்கள். ஆனால் ஆபீசில், "ராஜினாமா எழுதிக் கொடு, சீக்கிரம் நாட்டை விட்டுக் கிளம்பும் எக்சிட் விசா அடித்துத் தருகிறோம்" என்கிறார்கள். கொடுக்கலாமா சார்?

கொடுக்காதீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏன் கேட்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

சவுதி தொழிலாளர் சட்டப்படி பணிக்கொடை முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம், அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம். உங்கள் 8 வருடத்துக்கு இரண்டரையும் மூன்றும் சேர்ந்து ஐந்தரை மாதச் சம்பளம். கம்பெனி உங்களை நிறுத்தினாலோ ஒப்பந்தக் காலம் முடிந்தாலோ இது முழுசாக வர வேண்டும். நீங்களாக ராஜினாமா செய்தால் கதை வேறு. 5 முதல் 10 ஆண்டு சர்வீஸ் உள்ளவருக்கு மூன்றில் இரண்டு பங்குதான். 2 முதல் 5 ஆண்டு என்றால் மூன்றில் ஒரு பங்கு. 2 ஆண்டுக்குள் என்றால் ஒன்றும் கிடையாது. 10 ஆண்டைத் தாண்டியவருக்கு ராஜினாமா செய்தாலும் முழுத்தொகை. ஆக, உங்கள் விஷயத்தில் அந்த ஒரு கடிதத்தின் விலை கிட்டத்தட்ட இரண்டு மாதச் சம்பளம். எக்சிட் இரண்டு வாரம் தாமதமானால் ஆகட்டும்.

அடுத்தது செட்டில்மெண்ட் பேப்பர். "எல்லாப் பாக்கியையும் பெற்றுக்கொண்டேன்" என்று அரபியில் அடித்த தாளை நீட்டி, "ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் அக்கவுண்டில் விழும்" என்பார்கள். போனில் படம் எடுத்து மொழிபெயர்த்துப் பாருங்கள். கணக்கில் பணம் ஏறிய பிறகுதான் கையெழுத்து. கம்பெனியே நிறுத்தினால் ஒரு வாரத்துக்குள் கணக்கை முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தரவில்லை என்றால் முதலில் மனிதவள அமைச்சகத்தின் சமரசப் பிரிவு, அங்கே தீராவிட்டால் தொழிலாளர் நீதிமன்றம். வேலை முடிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். அதற்குள் கிளம்ப நேர்ந்தால், நம்பகமான ஒருவர் பெயரில் பவர் எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.

துபாய், அபுதாபிக்காரர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துத்தான் கணக்கு: முதல் 5 ஆண்டுக்கு ஆண்டுக்கு 21 நாள், பிறகு 30 நாள். 2022-ல் வந்த புதிய சட்டத்தின்படி ராஜினாமா செய்தாலும் வெட்டு இல்லை. 14 நாளில் பணம் தர வேண்டும். பக்கத்து நாடுதானே என்று ஒரு நாட்டுக் கணக்கை இன்னொரு நாட்டில் போய்க் கேட்டு ஏமாந்தவர்கள் நிறைய.

9 வருடம் வெல்டராக இருந்தேன். விசாவில் "லோடர்" என்று இருக்கிறது. ஊரில் எந்தக் கம்பெனியும் அந்த 9 வருடத்தைக் கணக்கிலேயே எடுக்க மாட்டேன் என்கிறது.

வளைகுடாவில் இது தினசரிக் கதை. எந்த விசா கையில் இருக்கிறதோ அதில் ஆளை இறக்கிவிட்டு, தேவைப்படுகிற வேலையில் போட்டுவிடுவார்கள். திரும்பி வரும்போது காகிதத்தில் இருப்பது சுமைகூலி, கையில் இருப்பது வெல்டிங்.

சவுதி உட்படப் பல நாடுகளில் அனுபவச் சான்றிதழை முதலாளி இலவசமாகத் தந்தாக வேண்டும். ஆனால் ஆபீசில் கேட்டால் விசாவில் உள்ள பெயரையே அடித்துத் தருவார்கள். உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்தவர் சைட் இன்ஜினியரோ ஃபோர்மேனோதான். என்ன உலோகம், என்ன முறை, எந்தப் புராஜெக்ட், எத்தனை வருடம் என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில் அவரிடம் ஒரு கடிதம் வாங்க முடிந்தால் அது சான்றிதழைவிடப் பேசும். அப்புறம், வேலைக்காக எழுதிய டெஸ்டுகள். 6ஜி பைப் வெல்டிங் தேர்ச்சி, கிரேனில் சுமை கட்டும் ரிக்கர் அட்டை, ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸ், பாதுகாப்புப் பயிற்சி அட்டை எல்லாம் காலாவதி ஆகியிருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். கேம்ப்பைக் காலி செய்யும் நாளில் பழைய அட்டை என்று குப்பையில் போட்டுவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

நீங்கள் வந்தாயிற்று, கையில் எதுவும் இல்லை. சரி, இன்னொரு வழி இருக்கிறது. படிப்புச் சான்று இல்லாமல் வேலையிலேயே கற்றவர்களைச் சோதித்துச் சான்று தரும் முறை இந்தியா, இலங்கை உட்படப் பல நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது. மாதக்கணக்கில் வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. கையில் இருக்கும் தொழிலைச் செய்து காட்ட வேண்டும். அரசின் திறன் பயிற்சி மையத்தில், "வகுப்பு வேண்டாம், மதிப்பீடு மட்டும் வேண்டும்" என்று தெளிவாகக் கேளுங்கள். இல்லையென்றால் தொடக்கநிலைப் பயிற்சியில் சேர்த்துவிடுவார்கள்.

கணவர் 14 வருடம் கழித்து நிரந்தரமாக வந்துவிட்டார். வந்த நாளிலிருந்து வரவு செலவு, பிள்ளைகள் படிப்பு எல்லாவற்றிலும் தலையிடுகிறார். மகனுக்கும் அவருக்கும் பேச்சே இல்லை. அவர் இல்லாதபோதே நிம்மதியாக இருந்தேனோ என்று தோன்றுகிறது.

அப்படித் தோன்றுவதில் குற்றவுணர்வு வேண்டாம் அம்மா. 14 வருடம் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வங்கி, கடன்காரர் என்று குடும்பத்தை நடத்தியவர் நீங்கள். அவருக்குத் தெரிந்த வீடு லீவில் பார்த்த வீடு. விருந்தாளிபோல் வந்து போனவர் இப்போது வீட்டுக்காரராக இருக்கப் பார்க்கிறார். அவர் பக்கமும் யோசித்துப் பாருங்கள்: மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் சாப்பிட்டு, ஒரு பதவிப் பெயரோடு இருந்த மனிதர். இப்போது காலை ஒன்பது மணிக்கு அவருக்கென்று ஒரு வேலையும் இல்லை. கையில் வேலை இல்லாததால்தான் கண்ணில் படுவதையெல்லாம் திருத்துகிறார்.

வங்கிக் கணக்கையும் கடன் விவரங்களையும் ஒரே இரவில் அவரிடம் ஒப்படைக்காதீர்கள், மறைக்கவும் செய்யாதீர்கள். ஒருநாள் உட்கார்ந்து, அனுப்பிய பணம் எங்கெல்லாம் போனது என்று நோட்டைத் திறந்து காட்டிவிடுங்கள். பல வீடுகளில் சண்டையின் வேர் இந்தச் சொல்லாத கணக்கில்தான் இருக்கிறது. அப்புறம், முழுசாக அவருடையது என்று ஒரு பொறுப்பைக் கொடுங்கள். அதில் நீங்கள் தலையிட வேண்டாம். மகன் விஷயத்தில் அவசரம் உதவாது. அவனுக்கு அப்பா என்பது போனில் வந்த குரல். அந்தக் குரல் இப்போது நேரில் அதட்டினால் பையன் ஒதுங்கத்தான் செய்வான். படிப்பைப் பற்றிப் பேசுவதைச் சில மாதம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். அவர் தூங்காமல் இருந்தாலோ, குடி கூடினாலோ, யாரோடும் பேசாமல் முடங்கினாலோ, அதைக் கோபம் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

சேமிப்பு முழுவதையும் போட்டு மச்சானோடு சேர்ந்து கடை வைக்கலாமா?

இப்போது வேண்டாம். முதல் ஆறு மாதம் அந்தப் பணத்தில் வட்டிக் கடனை மட்டும் அடையுங்கள். மீதி வங்கியில் கிடக்கட்டும். வந்த கையோடு, "சும்மா இருக்கிறானே" என்ற பேச்சுக்குப் பயந்து தொடங்கிய கடைகள்தான் முதலில் மூடுகின்றன. நடத்தத் தெரியாத தொழிலைவிட, செய்து பழகிய தொழிலைச் சிறிய அளவில் தொடங்குவதே மேல். ஏசி மெக்கானிக்காக இருந்தவர் எதற்கு மளிகைக்கடை வைக்க வேண்டும்? அப்படியும் மளிகைக்கடைதான் என்றால், முதலில் அப்படி ஒரு கடையில் மூன்று மாதம் சம்பளத்துக்கு வேலை பாருங்கள். மச்சானோடு என்றால் எழுத்தில் ஒப்பந்தம். கேட்டால் கோபித்துக்கொள்வாரே என்று தயங்குகிறீர்களா? அந்தக் கோபம் இப்போதே வந்துவிடுவது நல்லது.

திரும்பி வருகிறவர்களுக்கு அரசு உதவி என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறதா?

நாட்டுக்கு நாடு, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பிலிப்பைன்ஸ் 2010-லேயே சட்டம் போட்டு இதற்கென்று தனி மையத்தை நிலைநிறுத்தியது. கேரள அரசின் வெளிநாடுவாழ் கேரளத்தவர் நல அமைப்பான நோர்கா, 2 ஆண்டாவது வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர் தொழில் தொடங்க வங்கிக் கடனோடு 15 சதவீத மூலதன மானியமும் வட்டிச் சலுகையும் தருகிறது. புலம்பெயர் தொழிலாளர் உரிமைகளுக்கான 1990-ம் ஆண்டின் ஐ.நா. ஒப்பந்தம் 67-வது பிரிவில் திரும்புவோரின் மறுவாழ்வுக்கு நாடுகள் ஒத்துழைக்க வேண்டும் என்கிறது; ஆட்களை அதிகம் வேலைக்கு எடுக்கும் வளைகுடா நாடுகள் அதில் சேரவே இல்லை. உங்கள் பகுதியில் எது இருந்தாலும் முதலில் கேட்பது வெளிநாட்டில் வேலை பார்த்ததற்கான ஆதாரம். பழைய பாஸ்போர்ட்டும் விசாப் பக்கங்களும் அதற்குத்தான்.

கொரியாவிலிருந்து வந்து 2 வருடம் ஆகிறது. அங்கே ஏதோ இன்சூரன்ஸ் பணம் உண்டாமே?

உண்டு. வேலை அனுமதித் திட்டத்தில் போனவர்களுக்கு இரண்டு: முதலாளி கட்டிய புறப்பாட்டு உத்தரவாதக் காப்பீடு, பயணச் செலவுக்காக நீங்களே கட்டியது. கோர 3 ஆண்டு அவகாசம். அது தாண்டினால் பணம் கொரியாவின் மனிதவள மேம்பாட்டு நிறுவனத்துக்குப் போய்விடும், அலைச்சல் கூடும். இன்றே எழுதுங்கள். ஜப்பானிலிருந்து வந்தவர்களும் கவனியுங்கள்: 6 மாதமாவது ஓய்வூதியச் சந்தா கட்டியிருந்தால் ஒரு பகுதியை மொத்தத் தொகையாகத் திரும்பக் கேட்கலாம், ஆனால் நாட்டை விட்டுக் கிளம்பிய 2 ஆண்டுக்குள்.

குவைத்தில் மூன்று வருடம் வீட்டு வேலை பார்த்தேன். கடைசி ஏழு மாதச் சம்பளம் தராமலே அனுப்பிவிட்டார்கள். வெறுங்கையோடு வந்ததற்கு ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். இனி ஏதாவது செய்ய முடியுமா அண்ணா?

முயற்சி செய்யலாம் அம்மா. குவைத்தில் வீட்டு வேலையாட்களுக்கென்றே 2015-ல் தனிச் சட்டம் வந்தது. வார விடுமுறை, ஊதியத்துடன் ஆண்டு விடுப்பு, வேலை முடியும்போது வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் எல்லாம் அதில் இருக்கின்றன. ஆக உங்களுக்கு வர வேண்டியது ஏழு மாதம் அல்ல, பத்து மாதம்.

சான்று ஒன்றும் இல்லை என்று நினைக்காதீர்கள். கடைசியாகச் சம்பளம் வந்த தேதியில் வீட்டுக்குப் பணம் அனுப்பிய ரசீது, "அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்" என்று முதலாளியம்மா அனுப்பிய குரல் பதிவு, அவர்கள் சிவில் ஐடியின் (குவைத் அடையாள அட்டையின்) படம், ஒப்பந்தம், ஏஜெண்டின் எண் எல்லாமே சான்றுதான். போனை மாற்றும் முன் இவற்றைப் பத்திரப்படுத்துங்கள். தேதி வாரியாக ஒரு பக்கம் எழுதி, அங்குள்ள நம் தூதரகத்துக்கும் உங்களை அனுப்பிய ஏஜென்சிக்கும் ஒரே நேரத்தில் அனுப்புங்கள். பதிவு பெற்ற ஏஜென்சியானால் அதன்மேல் இங்கேயே புகார் கொடுக்கலாம்; அந்த வழியில் பணம் வர வாய்ப்பு அதிகம். கதை பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். சம்பளம் தராதவர் தலைகுனிய வேண்டுமே தவிர நீங்கள் இல்லை.

கிளம்பும் முன் மெடிக்கல் செக்கப் அவசியமா?

அவசியம், அதுவும் அங்கேயே. வேலையால் வந்த காயத்துக்கும் நோய்க்கும் இழப்பீடு அங்கே இருக்கும்போது கேட்டால்தான் சுலபம். வெயிலில் பல வருடம் நின்றவர்கள் சிறுநீரகப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்: வேலையிட வெப்பத்தோடு தொடர்புடைய நாள்பட்ட சிறுநீரக நோயுடன் உலகில் 2.62 கோடிப் பேர் வாழ்கிறார்கள் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2024-ல் கணக்குச் சொன்னது. கல் அறுத்தவர்கள், மணல் வீச்சு வேலை பார்த்தவர்கள் நுரையீரல் எக்ஸ்ரேயும் எடுத்து, ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டு வாருங்கள்.

துபாயில் கிரெடிட் கார்டு பாக்கி இருக்கிறது. பேசாமல் கிளம்பிவிட்டால் என்ன ஆகும்?

வங்கி வழக்குப் போட்டால் பயணத்தடை விழலாம். பிறகு அந்த நாட்டு விமான நிலையத்தில் மாட்டுவீர்கள். பணிக்கொடை கணக்கில் விழுந்ததும் வங்கி அதை முடக்கி வைப்பதும் சாதாரணம். அதனால் ராஜினாமா கொடுக்கும் முன்பே வங்கிக்குப் போய்த் தவணையோ தள்ளுபடியோ பேசிவிடுங்கள். பாக்கி இல்லை என்ற கடிதத்தை வாங்கி, கார்டை ரத்து செய்துவிட்டு, அதன் பிறகு டிக்கெட் போடுங்கள்.